ட்ரைசூட்டுக்குள் என்ன போடுவது? வாசகர் கேள்வி பதில்

போன இதழில், குளிர்த்தண்ணீரில் டைவ் செய்யப் போடும் ட்ரைசூட் வாங்குவதைப் பற்றி இரண்டு பந்தி எழுதியிருந்தேன். அதற்குப் பிறகு வந்த கடிதங்கள் எல்லாம் சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்குத்தான் வருகின்றன: சூட் சரி, அதற்குள் எதைப் போடுவது? இதைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும். ட்ரைசூட் தண்ணீரை வெளியே நிறுத்தும், குளிரை நிறுத்தும் வேலை உள்ளே போடும் உடுப்பினுடையது. இந்த முறை முழுப் பக்கமும் அதற்கே.

அண்ணா, நான் ஸ்காபரோவில் இருக்கிறேன். பழைய ட்ரைலாமினேட் ட்ரைசூட் ஒன்று நல்ல விலைக்குக் கிடைத்தது. ஓகஸ்டில் டோபமோரிக்குப் போகிறோம். அப்போது தண்ணீர் 18, 20 பாகை இருக்கும் என்கிறார்கள். மெல்லிய ஃப்ளீஸ் ஒன்று போதாதா?

மேலே மிதந்துகொண்டிருக்கப் போகிறீர்கள் என்றால் தாராளமாகப் போதும் தம்பி. ஆனால் ஹூரன் ஏரிக்கரையில் இருக்கும் டோபமோரிக்குப் போகிறவர்கள் ஏரியில் மூழ்கிய கப்பல் பார்க்கத்தானே போகிறார்கள். பிக் டப் துறையில் 1885இல் மூழ்கிய ஸ்வீப்ஸ்டேக்ஸ் பாய்க்கப்பல் ஆறு, ஏழு மீற்றர் ஆழத்தில்தான் கிடக்கிறது, அங்கே நீங்கள் கேள்விப்பட்ட அந்த இளஞ்சூடு இருக்கும். அடுத்த நாள் 1884இல் மூழ்கிய அரேபியாவுக்கு இறங்குவீர்கள், அது 30 மீற்றருக்கும் கீழே. அங்கே ஓகஸ்டிலும் நாலு, ஐந்து பாகைதான். நன்னீர் 4 பாகையில்தான் மிகக் கனமாக இருக்கும், அந்தக் கனமான தண்ணீர் ஏரியின் அடியில் போய்ப் படுத்துவிடும், வெயில் சூடாக்கிய தண்ணீர் இலேசானது என்பதால் மேலேயே நிற்கும், இரண்டும் கோடைகாலம் முழுக்கக் கலப்பதில்லை. இறங்கும்போது ஒரு கோடு கீறி வைத்ததுபோல அந்த எல்லை தெரியும். முகத்தில் மூடாத இடம் கொஞ்சம் இருக்குமே, உதட்டைச் சுற்றி, அங்கே ஊசி குத்துவதுபோல இருக்கும். ஆகவே உடுப்பை மேல் தண்ணீரைப் பார்த்து எடுக்காதீர்கள், நீங்கள் எந்த ஆழத்தில் அதிக நேரம் நிற்கப் போகிறீர்களோ அந்தத் தண்ணீரைப் பார்த்து எடுங்கள்.

உங்கள் சூட் ட்ரைலாமினேட் என்பதால் இது இன்னும் முக்கியம். நியோபிரீன் என்ற நுரை ரப்பரில் செய்த ட்ரைசூட் என்றால் அதன் தடிப்பே கொஞ்சம் சூடு தரும் (ஆழம் போகப் போக அதுவும் நசுங்கிவிடும் என்பது வேறு கதை). ட்ரைலாமினேட் என்பது மூன்று மெல்லிய படை ஒட்டிய துணி, அடிப்படையில் மழைக்கோட்டுத்தான், உடம்பைச் சூடாக வைக்க அதை நம்ப முடியாது. தண்ணீர் உடம்புச் சூட்டைக் காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக வாங்கும். அதற்கும் உங்களுக்கும் இடையில் நிற்பது உள்ளுடுப்பின் நாருக்குள் அசையாமல் பிடிபட்டிருக்கும் காற்று ஒன்றுதான். சூடு தருவது துணி என்று நினைக்காதீர்கள், துணி பிடித்து வைத்திருக்கும் காற்றுத்தான் சூடு. எந்த உள்ளுடுப்பைக் கையில் எடுத்தாலும் இரண்டு கேள்வி கேட்டால் போதும்: அழுத்தினால் இது நசுங்கிப்போகுமா? நனைந்தால் என்ன ஆகும்?

தோலோடு ஒட்டி மெல்லிய மெரினோ கம்பளி, அல்லது பொலிப்ரொப்பிலீன், பொலியெஸ்டர். இது வியர்வையைத் தோலிலிருந்து எடுத்து வெளியே தள்ளுவதற்கு. அதற்கு மேல் உடம்பைச் சூடாக வைக்கும் அடுக்கு. ஃப்ளீஸும் நல்லதுதான், மலிவு, சீக்கிரம் காயும், ஆனால் சூட் உடம்போடு இறுகும்போது சாதாரண ஃப்ளீஸ் கடதாசிபோலத் தட்டையாகிவிடும். தின்சுலேட் வகை நார் அவ்வளவு சுலபமாக நசுங்காது, ஈரம் பட்டாலும் பெருமளவு சூட்டைக் காப்பாற்றும். கடையில் 100, 200, 400 என்று எண் போட்டிருக்கும், ஒரு சதுர மீற்றருக்கு எத்தனை கிராம் நார் என்று அர்த்தம். என் கணக்கு இப்படி: 10 பாகைக்கு மேல் 200, அதற்குக் கீழே 200 நாருடன் ஒரு ஃப்ளீஸ் வெஸ்ட், அரேபியா மாதிரி 4 பாகையில் அரை மணித்தியாலம் என்றால் 400. நீங்கள் ஒல்லி என்றால், அல்லது ஏசி அறையிலேயே குளிருது என்கிற ஆள் என்றால், ஒரு படி கூட்டிக்கொள்ளுங்கள். இதில் வீரம் காட்ட ஒன்றுமில்லை. குளிரில் விரல் மரத்தால் கொக்கியைக் கழற்ற முடியாது, மூளை மந்தமானால் காற்று எவ்வளவு மிச்சம் என்று பார்க்கத் தோன்றாது. கரையேறிய பிறகு நண்பர் ஒருவர் ஒரு சின்னக் கொக்கியைத் திறக்க முடியாமல் கட்டைவிரலால் அதை மீண்டும் மீண்டும் தடவிக்கொண்டு நின்றதைப் பார்த்திருக்கிறேன். அவர் பத்து வருடமாக டைவ் செய்கிறவர். அதே கொக்கியை 25 மீற்றரில் திறக்க வேண்டி வந்திருந்தால்?

இன்னொன்று, நீங்கள் வாங்கியது பழைய சூட். முன்பு அதைப் போட்டவர் உள்ளே என்ன உடுத்தினாரோ தெரியாது. 400 உள்ளுடுப்பைப் போட்டு, மேலே சூட்டையும் போட்டு, வீட்டு வரவேற்பறையிலேயே குந்தி எழும்பிப் பாருங்கள். இரண்டு கையையும் நெஞ்சில் குறுக்காகக் கட்டிப் பாருங்கள். தலைக்குப் பின்னால் சிலிண்டர் வால்வு இருக்கும் இடத்தைக் கை எட்டுகிறதா? எட்டவில்லை என்றால் அந்தச் சூட்டுக்கு அந்த உள்ளுடுப்புப் பெரிது. இறுகிப் பிடித்தால் நார் நசுங்கும், காற்றுக்கு இடமில்லை, காசு கொடுத்து வாங்கிய 400 உள்ளே 200 ஆகிவிடும்.

பனிக்காலத்துக்கு வாங்கிய பருத்தித் தேர்மல் வீட்டில் மூன்று சோடி இருக்கிறது. அதைப் போடலாமா?

வேண்டாம். வீதியில் பனி தள்ளும்போது போடுங்கள், தண்ணீருக்கு வேண்டாம்.

பருத்தி ஈரத்தை விடாது. சூட்டில் ஓட்டை இல்லாவிட்டாலும் வியர்வை இருக்கிறது, மணிக்கட்டுச் சீல் (தண்ணீர் புகாமல் இறுக்கிப் பிடிக்கும் பட்டை) வழியாகக் கொஞ்சம் கசிவு வரும், மூடிய சூட்டுக்குள் அது போக இடமில்லை. என் முதல் குளிர்த்தண்ணீர் டைவில் நல்ல உள்ளுடுப்புக்குக் கீழே ஒரு பருத்தி ரீசேட் போட்டிருந்தேன், அது என்ன செய்யும் என்று யாரும் சொல்லவும் இல்லை, நான் கேட்கவும் இல்லை. இருபதாவது நிமிடத்தில் முதுகில் யாரோ ஈரத் துவாயை ஒட்டி வைத்ததுபோல. வாகனத் தரிப்பிடத்தில் கழற்றியபோது ரீசேட்டைப் பிழிந்தால் தண்ணீர் சொட்டியது, சூட்டின் உட்பக்கமோ காய்ந்துதான் கிடந்தது. அத்தனையும் என் வியர்வை. வீடு வந்து சேரும்வரை காரில் ஹீட்டர் போட்டும் நடுக்கம் நிற்கவில்லை. கீரிமலைக் கேணியில் நீந்தப் பழகியவனுக்குத் தண்ணீர் இப்படியும் செய்யும் என்று அன்றைக்குத்தான் விளங்கியது.

பருத்தி உள்ளாடையும் இதே கணக்குத்தான், பருத்திக் காலுறையும்.

நோர்வே, பேர்கனில் இருந்து எழுதுகிறேன். என்னிடம் 400 இருக்கிறது. ஆனாலும் டைவ் தொடங்கி கால் மணித்தியாலத்தில் குளிருகிறது. இன்னும் தடிப்பானது வாங்க வேண்டுமா?

வாங்குவதற்கு முன், தண்ணீருக்குள் இறங்க முன்னர் நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று பாருங்கள். கடிதத்தின் பின்பகுதியில் நீங்களே பதில் சொல்லியிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன்: வீட்டிலேயே உள்ளுடுப்பைப் போட்டுக்கொண்டு முக்கால் மணித்தியாலம் கார் ஓட்டி, சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு பாறையில் இறங்கி, அப்புறம்தான் தண்ணீர். அந்த நேரம் முழுக்க 400க்குள் வியர்த்துக் கொட்டியிருக்கும். ஃப்யோர்டில் இறங்கும்போது நீங்கள் ஏற்கெனவே நனைந்த ஆள். நார் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் தோலோடு ஒட்டியிருக்கும் ஈரம் சூட்டைக் குடிக்கும்.

காரில் மெல்லிய அடுக்கோடு மட்டும் போங்கள். பாரம் எல்லாவற்றையும் தூக்கி முடித்த பிறகு, கொஞ்சம் குளிருகிறதே என்று தோன்றும்போது தடிப்பானதைப் போடுங்கள். ஸிப்பைக் கடைசி நிமிடம்வரை திறந்தே வையுங்கள். இரண்டு டைவ் என்றால் உள்ளே போட ஒரு சோடி மெரினோ மேலதிகமாக எடுத்துப் போங்கள், இடையில் மாற்றுவதற்கு. இதைச் செய்தும் குளிர்ந்தால் திரும்ப எழுதுங்கள், அப்போது தடிப்பைப் பற்றிக் கதைப்போம்.

சிலிண்டரிலிருந்து வால்வு வழியாகச் சூட்டுக்குள் காற்று விடுவதில் கஞ்சத்தனம் செய்கிறீர்களா என்றும் பாருங்கள். 10 மீற்றரில் அழுத்தம் இரண்டு மடங்கு, மேலே இருந்தபோது உள்ளே இருந்த காற்றின் கனஅளவு பாதி. சூட் உடம்பைக் கவ்வும், நார் நசுங்கும். இறங்க இறங்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் காற்று விடுங்கள், கவ்வுவது நின்றால் போதும். மிதப்பை முழுக்க மேலே போடும் காற்று நிரப்பும் ஜாக்கெட்டில் வைத்துக்கொண்டு சூட்டை வெறுமையாக விடுகிறவர்கள்தான் அதிகம் நடுங்குகிறார்கள்.

லண்டனில் இருந்து எழுதும் தங்கச்சி. மாசியில் ஸ்டோனி கோவ் என்ற தண்ணீர் நிரம்பிய பழைய கற்குழிக்குப் போகிறோம். உடம்பு பரவாயில்லை, கையும் காலும்தான் தாங்கவே முடியவில்லை. அடுத்தது கேட்க வெட்கமாக இருக்கிறது, ஆனால் கேட்கிறேன்: சிறுநீர்?

வெட்கப்பட ஒன்றுமில்லை, எல்லா டைவரும் கேட்க வேண்டிய கேள்வி.

முதலில் கை. ஈரக் கையுறையில் மாசி மாதத்தைத் தாண்ட முடியாது, ட்ரை கையுறைக்கு மாறுங்கள், உள்ளே மெல்லிய கம்பளிக் கையுறை. மணிக்கட்டுச் சீலுக்குக் கீழே ஒரு சின்னக் குழாயோ தடித்த நூலோ வைத்தால் சூட்டுக் காற்று கைக்குள்ளும் போய் வரும், இல்லாவிட்டால் ஆழத்தில் கையுறை விரலைக் கவ்விப் பிடிக்கும். கையுறை கிழிந்தால் அதே வழியால் தண்ணீர் சூட்டுக்குள் வரும், அதைத் தெரிந்துகொண்டே செய்யுங்கள். காலுக்கு, மூன்று காலுறை போட்டுச் சப்பாத்தை அடைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். இறுகினால் இரத்தம் போகாது, காற்றும் நிற்காது. ஒரு மெல்லிய கம்பளிக் காலுறை, மேலே ஒரு தடித்த தின்சுலேட் காலுறை, விரலை உள்ளே மடக்கி நீட்ட இடம் இருக்க வேண்டும். சப்பாத்து சிறிதென்றால் ஒரு அளவு பெரிதாக மாற்றுங்கள், இந்த இரண்டு காலுறையைக் குறைக்காதீர்கள். நடு உடம்பு குளிர்ந்தால் உடல் முதலில் கைவிடுவது விரல்களைத்தான், ஆகவே ஒரு வெஸ்ட் கூடப் போட்டால் கையும் சூடாகும். தலையை மறக்க வேண்டாம், 7 மில்லிமீற்றர் ஹூட்.

பெண்களுக்கென்று வெட்டித் தைத்த உள்ளுடுப்பு இப்போது ஃபோர்த் எலிமெண்ட், சான்டி போன்றவர்களிடம் கிடைக்கிறது. ஆண்களுக்கான சின்ன அளவைத் தந்து சமாளிக்கப் பார்க்கிற கடையில் வாங்காதீர்கள். இடுப்பில் இறுகி, தோளில் தொங்கும் உடுப்புக்குள் காற்று அங்கும் இங்கும் ஓடும், ஓடுகிற காற்றில் சூடு நிற்காது.

சரி, சிறுநீர். தண்ணீருக்குள் இறங்கியதும் கை கால் இரத்தம் நெஞ்சுப் பக்கம் தள்ளப்படும், உடல் அதை நீர் கூடிவிட்டது என்று எடுத்துக்கொண்டு சிறுநீராக வெளியேற்றப் பார்க்கும். குளிர் அதை இன்னும் கூட்டும். அதனால்தான் இறங்கிப் பத்து நிமிடத்தில் முட்டுகிறது, உங்கள் உடம்பில் பிழை ஒன்றும் இல்லை. பலர் செய்கிற பெரிய தவறு காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் போவது. நீரிழப்போடு டைவ் செய்யக் கூடாது. பெரியவர்களுக்கான டயபர் போடுங்கள், குளிர்த்தண்ணீர் டைவர்களில் ஆணும் பெண்ணும் நிறையப் பேர் போடுகிறார்கள். ஆண்களுக்குச் சூட்டிலேயே வால்வு வைத்து வெளியேற்றும் வழி உண்டு, பெண்களுக்கும் அப்படிப் பொருத்துகிற சாதனம் இருக்கிறது, ஆனால் சரியாக ஒட்டப் பழக வேண்டும், முதல் பரீட்சையைக் குளியலறையிலேயே வையுங்கள்.

மின்சாரத்தில் சூடாகும் வெஸ்ட் வாங்கினால் இந்த அடுக்குத் தொல்லை எல்லாம் தீருமே?

தீராது. அது நல்ல கருவி, நானும் பாவிக்கிறேன், ஆனால் அதை நம்பி மெல்லிய உள்ளுடுப்போடு இறங்காதீர்கள். கம்பி அறுந்தாலும் பற்றரி தீர்ந்தாலும் மிச்ச டைவை நடுங்காமல் முடிக்க உங்கள் உள்ளுடுப்பே போதுமானதாக இருக்க வேண்டும். வெஸ்ட் அதற்கு மேல் வரும் வசதி.

அதைவிட முக்கியமான ஒரு விசயம் இருக்கிறது, கடையில் யாரும் சொல்வதில்லை. அமெரிக்கக் கடற்படையின் டைவிங் பரிசோதனைப் பிரிவு 2007இல் ஒரு அறிக்கை வெளியிட்டது. 120 அடி ஆழத்துக்குச் சமமான அழுத்தத்தில் டைவர்களை இறக்கி, அடியில் இருக்கும் நேரத்திலும் மேலேறும் நேரத்திலும் தண்ணீரின் சூட்டை மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். அடியில் சூடாக இருந்து, ஏறும்போது குளிர்ந்தவர்களுக்கு அழுத்தநீக்க நோய் (மேலேறும்போது உடம்பில் கரைந்த வாயு குமிழாவதால் வருவது) வரும் ஆபத்துக் கூடியது. அடியில் கொஞ்சம் குளிராகவும் ஏறும்போது சூடாகவும் இருந்தவர்களுக்கு நிறையவே குறைந்தது. சூடாக இருக்கும்போது இரத்த ஓட்டம் கூடி நைதரசன் உடம்புக்குள் வேகமாகப் போகிறது, பிறகு குளிர்ந்து இரத்தக் குழாய் சுருங்கினால் போனது வெளியே வர வழி குறைகிறது. அவர்கள் பாவித்த தண்ணீர் 27, 36 பாகை, நம் ஏரியைவிட மிகச் சூடு, ஆகவே எண்ணை அப்படியே தூக்கிவர முடியாது. ஆனால் இறங்கியதும் வெஸ்ட்டை முழுச் சூட்டில் போட்டு, ஏறும் நேரம் பார்த்துப் பற்றரி தீர்ந்துபோவதுதான் இருப்பதிலேயே மோசமான ஒழுங்கு என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. வெஸ்ட்டை ஏறும் நேரத்துக்கு மிச்சம் பிடியுங்கள்.

தோலில் நேரடியாகப் போடாதீர்கள், மெல்லிய அடுக்குக்கு மேலே போடுங்கள், சுட்டுக்கொண்டவர்கள் உண்டு. ஒட்சிசன் கூடிய வாயுவால் சூட்டை நிரப்பவும் கூடாது, உள்ளே மின்கம்பி இருக்கிறது.

ஆர்கன் வாயுவால் சூட்டை நிரப்பினால் சூடு கூடுமாமே?

ஆர்கன் காற்றைவிட மூன்றில் இரண்டு பங்குதான் சூட்டைக் கடத்தும், அது சரி. ஆனால் சூட்டுக்குள் ஏற்கெனவே இருக்கும் காற்றை நன்றாக வெளியேற்றிவிட்டு நிரப்பாவிட்டால் பலன் கரைந்துவிடும். அந்தக் காசுக்கு நல்ல உள்ளுடுப்பு வாங்கலாம். ஆர்கன் சிலிண்டரை நீங்கள் மூச்செடுக்கும் ரெகுலேட்டரின் வாய்ப்பகுதியோடு எக்காரணம் கொண்டும் இணைக்காதீர்கள், அதில் ஒட்சிசன் இல்லை, இரண்டு மூச்சில் ஆள் போய்விடும். ஹீலியம் கலந்த வாயுவை மூச்சுக்குப் பாவிக்கிறவர்கள் அதைச் சூட்டுக்குள் விடக் கூடாது, ஹீலியம் காற்றைவிட ஆறு மடங்கு சூட்டைக் கடத்தும்.

தடிப்பான உள்ளுடுப்புக்கு மாறினதிலிருந்து கால் மேலே தூக்குகிறது. ஒருமுறை தலைகீழாகவே போய்விட்டேன். பயந்துவிட்டேன்.

பயந்தது நியாயம். காற்று காலுக்குப் போய்விட்டால் தோளில் இருக்கும் வால்வால் அதை வெளியேற்ற முடியாது, கட்டுப்பாடில்லாமல் மேலே ஏறிவிடுவீர்கள். முழங்காலை நெஞ்சுக்கு மடக்கி, உருண்டு தலை மேலே வந்ததும் வால்வைத் திறக்க வேண்டும். இதைப் பயிற்சியாளரோடு நீச்சல் தடாகத்தில் பத்துத் தடவையாவது செய்து பாருங்கள், வாசித்து வருகிற விசயம் இல்லை இது.

தண்ணீருக்குள் அமிழக் கட்டும் ஈயத்தின் கணக்கும் பழையதாக இருக்கும். உள்ளே கூடுதலாக நிற்கும் ஒவ்வொரு லீற்றர் காற்றுக்கும் ஏறக்குறைய ஒரு கிலோ ஈயம் வேண்டும். உள்ளுடுப்பு மாறினால் கணக்கும் மாறும், ஒவ்வொரு முறையும். சிலிண்டரில் 50 பார் அழுத்தம் மிச்சம் இருக்கும்போது 5 மீற்றரில் சூட்டைக் கிட்டத்தட்ட வெறுமையாக்கி அசையாமல் நிற்க முடிகிறதா என்று பார்த்துக் குறித்துவையுங்கள், எந்த உடுப்பு, எத்தனை கிலோ, எந்தத் தண்ணீர் என்று. அதேபோலத் தோள் வால்வுக்கு நேரே உள்ளுடுப்பு பொங்கி அடைக்கிறதா என்றும் பாருங்கள். மெத்தென்ற துணி வால்வின் வாயை மூடினால் திறந்தும் காற்று போகாது.

சென்னையிலிருந்து. நானும் கணவரும் ஐஸ்லாந்து போகிறோம், அங்கே சில்ஃப்ரா என்ற தண்ணீர் நிறைந்த பாறைப் பிளவில் டைவ் செய்ய ஆசை. இதுவரை பாண்டிச்சேரியில் மட்டும்தான் டைவ் செய்திருக்கிறோம். என்னென்ன வாங்க வேண்டும்?

பெரிதாக ஒன்றும் வாங்காதீர்கள். சில்ஃப்ராவில் வருடம் முழுக்க 2 முதல் 4 பாகை, பனியாற்று நீர் எரிமலைப் பாறைக்குள் பல பத்தாண்டு வடிந்து வருகிற தண்ணீர், அழைத்துப் போகிறவர்களே ட்ரைசூட்டும் தடித்த உள்ளுடுப்பும் தருவார்கள். நீங்கள் கொண்டுபோக வேண்டியது தோலோடு ஒட்டும் அடுக்கு: மேலும் கீழும் மெரினோ அல்லது பொலியெஸ்டர், இரண்டு சோடி கம்பளிக் காலுறை. ஜீன்ஸ் வேண்டாம். கைக்குப் பெரும்பாலும் ஈரக் கையுறைதான் தருவார்கள், விரல் வலிக்கும், அதற்கு மனதைத் தயார்படுத்துங்கள், கையை அதிகம் அசைக்காமல் நெஞ்சோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் ஒன்று: அங்கே டைவ் செய்ய ட்ரைசூட் சான்றிதழோ, முன்பு ட்ரைசூட்டில் டைவ் செய்த பதிவோ கேட்பார்கள். பாண்டிச்சேரி அனுபவம் மட்டும் போதாது. மேலே மிதந்து பார்ப்பதற்கு அந்தச் சான்றிதழ் தேவையில்லை, தண்ணீர் அவ்வளவு தெளிவு என்பதால் மேலிருந்தே அடிவரை தெரியும். முதல் தடவைக்கு அதையே செய்யச் சொல்வேன்.

எப்படித் துவைப்பது?

சுருக்கமாக: துணி மென்மையாக்கியைத் தொடவே தொடாதீர்கள், அது நாரில் படலமாகப் படிந்து வியர்வை போகும் வழியை அடைத்துவிடும். தின்சுலேட்டைக் குளிர்ந்த தண்ணீரில், கொஞ்சச் சவர்க்காரத்தோடு, மெதுவான சுற்றில். மெரினோவை உலர்த்தும் மெஷினில் போட்டால் அடுத்த முறை உங்கள் பிள்ளைக்குத்தான் அளவாக இருக்கும். காய்ந்த பிறகு மடித்துப் பெட்டிக்கு அடியில் அமுக்கி வைக்காமல் அகலமான ஹாங்கரில் தொங்கவிடுங்கள், நார் தன்பாட்டில் பொங்கி நிற்கட்டும்.